கலப்பத்து அடித்த அறை

எங்கள் வீட்டைக் கட்டியவருக்குக் காற்றின் மேல் தீராத பிரியம் இருந்திருக்க வேண்டும். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார். எந்தக் கதவும் நிலையோடு சேராது. சாத்திய கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் தேரிக்காட்டுச் செம்மணலில் எங்கள் வீட்டுப் பங்கு தவறாமல் வந்து சேரும், சோற்றில் பாதி, படுக்கையில் பாதி. இதையெல்லாம் நாங்கள் ஒரு குறையாக நினைத்ததில்லை. தூத்துக்குடி வெயிலில் காற்று நுழையாத இடத்துக்கு அடுப்பு என்று பெயர்.

அப்படிப்பட்ட வீட்டில் ஓர் அறையை மட்டும் ஊசிமுனைக் காற்றும் நுழையாதபடி அடைத்துவிட வேண்டும் என்று ஒருவன் கிளம்பினான். அவனுக்கு வயது நாற்பத்தைந்து, மிஷன் பள்ளிக்கூடப் படிப்பு, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா வேலை, கொஞ்சம் தொந்தி. நான்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம், கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். கொழும்பு எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. சாத்தான்குளத்தில் இருப்பதைவிடக் கொழும்பில்தான் எங்கள் தெருக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். செய்தி வந்த மறுநாளே ஊர் காலியாக ஆரம்பித்தது. பெட்டி, படுக்கை, ஆட்டுக்கல், ஆடு என்று மாட்டுவண்டிகள் மேற்கே பார்த்து நகர்ந்தன. கப்பல்கூடக் கரைக்கு வர முடியாமல் மைல்கணக்கில் தள்ளி நிற்கிற எங்கள் துறைமுகத்தின் மேல் ஜப்பான்காரனுக்கு என்ன ஆசை இருந்துவிடப் போகிறது என்று நான் தெருமுனையில் நின்று விளக்கம் சொல்லுவேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்கள்.

எனக்குப் போக வழியில்லை. அனுமதியில்லாமல் ஊரைவிட்டு நகர்கிறவன் திரும்பி வரும்போது நாற்காலியில் வேறொருவன் இருப்பான் என்று ஆபீசில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வருவதாகவும், தங்கையைச் சாத்தான்குளத்துக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

கடிதத்தைப் படித்துக்காட்டிவிட்டு நான் செய்த காரியம் இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "ஏளா, நீ தாராளமாப் போ. நான் ஆம்பள. எங்கன குண்டு விழுந்தாலும் நின்னு பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் அப்படியே தழுதழுத்து, 'உங்களை விட்டு நான் எங்கே போவேன்' என்று சொல்லுவாள் என்பது என் கணக்கு. அவளோ பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டத் தொடங்கினாள்.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து நாசரேத்துப் பக்கம் அனுப்பியாகிவிட்டது. இவளும் போனால் அந்த ஓட்டைக் காற்று வீட்டில் நானும் சைரனும் மட்டும்தான். குண்டுக்குப் பயமா, தனிமைக்குப் பயமா என்று கேட்டால் நான் பாகுபாடு பார்க்கிறவன் இல்லை, இரண்டுக்கும்தான். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருப்பேன். ஆனால் ஆம்பள என்று சொல்லி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லையே. ஆகவே அவள் போவதற்கான காரணத்தையே இல்லாமல் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வழி ஆபீஸ் மேஜையிலேயே இருந்தது. விமானத் தாக்குதல் தற்காப்புப் பற்றிய இங்கிலீஷ் பிரசுரம் ஒன்று. விஷவாயு வந்தால் வீட்டில் ஓர் அறையைத் தேர்ந்துகொண்டு, இடுக்குகளையெல்லாம் காகிதமும் பசையும் கொண்டு அடைத்து, உள்ளே அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டுமாம். எழுதிய துரை ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்பது 'அமைதியாக' என்ற சொல்லிலேயே தெரிந்தது.

எந்தெந்த வாயு எப்படி மணக்கும் என்றும் அதில் போட்டிருந்தார்கள். ஒன்று ஏதோ சீமைப் பூவைப் போல. அந்தப் பூ எங்கள் ஊரில் கிடையாது. அதை விட்டுத் தள்ளினேன். ஒன்று மக்கிய வைக்கோலைப் போல. ஊரில் பாதி வண்டி மாடு; சரி. இன்னொன்று பூண்டைப் போல. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு மேல் பூண்டு வாசனை வராத வீடு கிடையாது. அதாவது, மீன் குழம்பு கொதிக்கிற வேளையில் தினமும் நாங்கள் தாக்கப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாக்குதல் பலமாக இருந்தது.

வீட்டில் தட்டைத் தளமாக மட்டப்பா போட்ட அறை ஒன்றே ஒன்றுதான், சாமான் அறை. மிச்சமெல்லாம் ஓடு. அந்த அறையில் கருப்பட்டிப் பானையும் மிளகாய் மூட்டையும் இருந்தன. அவற்றை எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன்.

"ஏன், மொளகாய்க்கு மூச்சு முட்டுமோ?" என்றாள் மனைவி. எடுக்கவில்லை.

ஆபீசிலிருந்து பழைய பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்தேன். கொஞ்சம் அரிசிக் கஞ்சியைக் குழைத்துப் பசை காய்ச்சினேன். பர்மா அரிசி நின்றுபோன காலம் அது.

"மனுச வயித்துக்கு இல்லாத கஞ்சிய செவுத்துக்கு ஊட்டுதிய. நல்லாத் தின்னுதா?"

"ஏளா, இது உன் உயிருக்கு."

"எனக்கு எதுக்கு? நான்தான் சாத்தான்குளத்துல இருப்பேனே!"

இந்த ஒரு வாக்கியத்தில் மொத்தத் திட்டத்தையும் அவள் உடைத்துவிட்டாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. மும்முரமாக ஒட்டினேன். காலையில் பார்த்தால் பாதிக் காகிதத்தைக் கடல்காற்று உரித்துப் போட்டிருந்தது. மீதியைக் கரப்பான்கள் தின்றிருந்தன. நம் பக்கத்துப் படைகள் முன்னேறிய செய்திகளாகப் பார்த்துத் தின்றிருந்தன. பின்வாங்கிய செய்திகள் முழுசாக இருந்தன. நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் ஆபீஸ் வேலையாகக் கடற்கரைப் பக்கம் போனபோதுதான் என் மூளை பளிச்சிட்டது. கரையில் ஏற்றிப்போட்ட ஒரு தோணியின் அடியில் திரேஸ்புரத்து மேஸ்திரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோணிக்குக் கலப்பத்து அடிக்கிறவர். பலகைக்கும் பலகைக்கும் உள்ள இடுக்கில் பஞ்சைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, ஒரு சொட்டுக் கடல் உள்ளே வராமல் செய்கிற வேலை. கொழும்புக்குத் தோணி போவது நின்றிருந்ததால் சும்மாத்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டுக்கா?" என்றார்.

"ஒரு அறைக்கு மட்டும்."

"எந்தக் கடல்ல எறக்கப் போறிய?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "தண்ணியவே விட மாட்டோம், கிளார்க்கய்யா. காத்து எம்மாத்திரம்? சந்தமாரி மாதா எனக்குக் கைகொடுக்கட்டும், வாரேன்."

மறுநாளே வந்துவிட்டார். அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். அறையைச் சுற்றிவந்து சுவரில் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். என் வீட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை, "இது மிதக்காது." ஒற்றை ஜன்னலைப் பலகை வைத்து அறைந்து, சுற்றிலும் பஞ்சு அடித்தார். கதவுப் பலகைகளின் ஒவ்வோர் இடுக்கிலும் பஞ்சு. கதவு வந்து முட்டுகிற நிலையோரம் முழுக்கக் கனமாகக் குங்கிலியப் பூச்சு. எண்ணெய் கிடைக்காத காலமாகையால் சுறா எண்ணெயில் காய்ச்சியிருந்தார். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. தெருவில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் யாரோ செத்துக்கிடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு பூனை மட்டும் வாசலைவிட்டு நகரவே இல்லை.

மனைவி மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு, "வெளிய இருந்து வெசவாயு வருமோ வராதோ, உள்ள இருந்து வந்துட்டு" என்றாள்.

போகிற போக்கில் மேஸ்திரி ஒரு வைத்தியம் சொன்னார். தோணிக்காரர் யாரும் தட்ட மாட்டாத வைத்தியம். "கரையில கெடக்க தோணிக்குப் பலகை சுருங்கிக் கெடக்கும். தண்ணியில எறங்கி ஊறுனாத்தான் உப்பி, ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிக்கும். ஒங்க கதவு கரையில கெடக்க தோணி, பாத்துக்கிடுங்க. ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துங்க."

இதில் என்ன தப்பு இருக்கிறது? நூற்றுக்கு நூறு நியாயமான பேச்சு. கடல் நடுவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக யாரும் ஆசைப்படுவதில்லை என்பது மட்டும்தான் தோணிக்கும் வீட்டுக்கும் வித்தியாசம். அந்த ஒன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கதவை விரியத் திறந்துவைத்து, காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இரைத்து அதன் தலையில் ஊற்றினேன். ஆறு நாள். இரண்டாவது முறை ஊற்றும்போதெல்லாம் மனைவி சொல்வாள்: "முருங்கைக்கே ஒரு நேரந்தான். கதவு என்ன காய்க்கப் போவுதா?" சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டியில் இன்னும் இரண்டு சேலையை மடித்து வைப்பாள்.

சனிக்கிழமை காலை மச்சான் வந்து இறங்கினார். என்னைவிட நாலு வயது மூத்தவர், பனங்கருப்பட்டி வியாபாரி, எந்த விஷயத்தையும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டுதான் பார்ப்பார். அவருக்கு எதிரில் நிரூபித்துக்காட்ட வேண்டும் என்று மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தேன்.

"மச்சான், ஒங்க தங்கச்சி எங்கயும் போவ வேண்டியதில்ல. இந்த அறைக்குள்ள ஒரு மூச்சுக் காத்து போவாது. நானே உள்ள இருந்து காட்டுதேன்" என்றேன்.

"காத்து போவலன்னா என்ன செய்விய, மாப்பிள்ள?"

"வெசவாயுவும் போவாதுல்லா."

"அது சரி. நீங்க என்ன செய்விய?"

மேதைகள் எப்போதும் இப்படி அற்பக் கேள்விகளால்தான் தொந்தரவு செய்யப்படுகிறார்கள். நான் உள்ளே போய்க் கதவைத் தள்ளினேன். நகர்ந்தது, கடைசி ஓர் அங்குலத்துக்கு முரண்டு பிடித்தது. தோளால் மோதினேன். 'தப்' என்று போய் நிலைக்குள் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நிமிஷம்தான் பிடித்திருந்தது.

உள்ளே இருட்டென்றால் கண் திறந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற இருட்டு. இட்லிக் கொப்பரையில் ஊற்றிய மாவுக்கு எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சுறா எண்ணெய் நெஞ்சை அடைத்தது. ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் மச்சான் தலையை ஆட்டிவிடுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பூண்டு.

அடுப்படியிலிருந்து வரும் பூண்டு இல்லை. அறைக்குள்ளேயே, மூக்கருகே, பச்சைப் பூண்டு. வெளியிலிருந்து எதுவும் நுழைய முடியாது, ஆனால் நுழைந்திருக்கிறது. மூளை இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே துறைமுகத்திலிருந்து சைரன் ஊளையிட ஆரம்பித்தது.

கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். ஆறு நாள் தண்ணீர் குடித்த பலகை நிலையைக் கட்டிப்பிடித்திருந்தது. போதாததற்கு நான் கொடுத்த தோள் இடியில் குங்கிலியம் வேறு சேர்த்து ஒட்டிவிட்டது.

"மச்சான்! கதவு வரல!"

வெளியே மேஸ்திரியின் குரல், ஆனந்தமாக: "பாத்தியளா வேலைய!"

"மாப்பிள்ள, உள்ள காத்து வருதா?" இது மச்சான்.

"வரல!"

"அப்பம் சொன்னபடிதான் நடந்திருக்கு."

"சைரன் அடிக்கான், மச்சான்! உள்ள வாயு வந்துட்டு! பூண்டு மணம் வருது!"

"பூண்டு மணம் வராம?" என்றாள் என் மனைவி. "ஒங்க தலைக்கு மேல பூண்டுக் கொத்துத்தான் தொங்குது. தட்டிப் பாருங்க."

தட்டினேன். தொங்கியது. அது நிம்மதியளித்திருக்க வேண்டும். ஆனால் மனித மனம் ஒரு பயத்தை இழந்தால் உடனே இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது.

"அப்பம் சைரன்?"

"அது ஒத்திகைல்லா!" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஒத்திகைதான். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒத்திகைச் சைரன், யாரும் கலவரப்பட வேண்டாம் என்று ஆபீஸ் பலகையில் ஒட்டிய தமிழ் அறிவிப்பை எழுதியதே நான்தான். 'கலவரப்பட வேண்டாம்' என்பதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

இதற்குள் மச்சான் வெளியிலிருந்து கதவை முட்ட ஆரம்பித்தார். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையில் விழுந்தது, கதவு அசையவில்லை. பஞ்சைப் பிடுங்கச் சொன்னால் மேஸ்திரி மசியவில்லை.

"பிரிச்சா வேல கெட்டுரும், அண்ணாச்சி. இந்த மாதிரி இறுக்கம் பெரிய தோணிக்கே வாய்க்காது."

"உள்ள ஒரு ஆளு கெடக்காரு, வே!"

"கெடக்கட்டும், நாலு நாளு வெயில்ல காஞ்சா பலக தானா விட்டுரும்."

"நாலு நாளா!" என்று நான் போட்ட சத்தத்தில், உள்ளே மிச்சமிருந்த காற்றில் பாதி செலவாகியிருக்கும். மூச்சு உண்மையாகவே முட்டியதா, முட்டுவதாக நான் நினைத்துக்கொண்டேனா என்று இப்போது கேட்டால் தெரியாது. அத்தனை பெரிய அறையில் கால்மணி நேரத்தில் ஒருவன் செத்துவிட மாட்டான் என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அந்த டாக்டர் அப்போது உள்ளே இல்லை. நான் கருப்பட்டிப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே என் மனைவியின் குரல் மாறியது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த குரல். "யோவ் மேஸ்திரி, உளியக் குடும்" என்றாள்.

அவர் கொடுத்தாரா, அவள் பிடுங்கினாளா, தெரியவில்லை. 'டொக் டொக்' என்று இரண்டு அடி. பலகை இடுக்கிலிருந்து பஞ்சு சரசரவென்று உருவப்படுகிற சத்தம். இருட்டில் ஒரு கம்பி கனத்துக்கு வெளிச்சக் கோடு விழுந்தது. அதன் வழியாக ஒரு நூல் காற்று வந்து என் கன்னத்தில் பட்டது. எழுந்து ஓடி அந்த இடுக்கில் வாயை வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் முகம் இருந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"ஏங்க, இருக்கியளா?"

அந்த நேரத்தில் சொல்லத் தகுந்த வேடிக்கைப் பேச்சு எனக்கு எத்தனையோ கைவசம் இருந்தது.

"ஏளா, போவாத" என்றேன்.

"எங்க?"

"சாத்தான்குளத்துக்கு. போவாத. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

வெளியே மச்சான் தொண்டையைச் செருமினார். மேஸ்திரி எதற்கோ பஞ்சைப் பொறுக்கலானார்.

"போவணும்னு நான் எப்பம் ஆசப்பட்டேன்?" என்றாள். "போ, போ, நான் ஆம்பள, பாத்துக்கிடுதேன்னு வீரம் பேசுனது ஆரு? எனக்குப் போட்டியா ஆரும் வந்துட்டாளோன்னு நெனச்சிக்கிட்டுப் பெட்டிய எறக்குனேன். எடுத்து வைக்க எடுத்து வைக்க 'வேண்டாம்'னு ஒரு சொல்லு வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இவரு கதவுக்குத் தண்ணி ஊத்துதாரு!"

பிறகு அவர்கள் கதவைப் பிரித்த கதையை நீட்ட வேண்டியதில்லை. மேஸ்திரி மனசில்லாமல் ஒவ்வோர் இடுக்காகப் பஞ்சை உருவினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். மச்சான் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கதவு ஒரு பக்கக் கீலோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது. நான் வெளியே வந்தேன். நடந்து வந்ததாக நான் சொல்லிக்கொள்வேன்; தவழ்ந்து வந்ததாக மச்சான் சாத்தான்குளம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். தலையில் சுண்ணாம்பு, கையில் குங்கிலியம், கழுத்தில் எப்படி வந்ததோ பூண்டுக் கொத்து. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மேஸ்திரி. அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். அது சிரிப்புதானா, மூச்சு வாங்கியதா என்று சொல்வதற்கில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மச்சான் வண்டியைப் பூட்டச் சொன்னார். "என்னளா, ஏறுதியா?" என்று தங்கையைக் கேட்டார்.

"நீ போண்ணே" என்றாள். "இவர இங்கன தனியா விட்டுட்டு வந்தா, ஜப்பான்காரன் வாரதுக்கு முந்தி இவரே இவரக் கொன்னுபோடுவாரு. அவனுக்கு எதுக்கு அந்த நல்ல பேரு?"

மச்சான் அரைவாசி மூடின கண்ணை முழுசாகவே மூடிச் சிரித்தார். வண்டி போய்விட்டது. அவள் பெட்டியைத் திறந்து மடித்துவைத்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். எல்லாவற்றிலும் சுறா நாற்றம். "ஒங்க தோணி நாத்தத்த நீங்களே தொவைங்க" என்று என் பக்கம் இரண்டைத் தூக்கி எறிந்தாள். துவைத்தேன்.

சாயங்காலம் சைரன் மறுபடியும் அடித்தது. இது ஒத்திகையா, உண்மையா என்று எனக்குத் தெரியாது. இதற்கு நான் அறிவிப்பு எழுதியிருக்கவில்லை. ஒளிந்துகொள்ள ஓர் அறை இல்லை. இருந்த ஒன்றுக்கும் கதவு இல்லை. அவள் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சைரன் முடிகிறவரை கை நிற்கவில்லை. நான் போய் அவள் பக்கத்தில், முழங்கால் அவள் முழங்காலில் இடிக்கும்படியாக உட்கார்ந்து, எல்லாப் பக்கமும் திறந்து கிடந்த வீட்டில் நல்ல காற்றோட்டமாகப் பயந்துகொண்டிருந்தேன்.